முதலில் தாளைத் திருப்புங்கள்: கைவண்ணமிட்ட பழைய இயற்கை அச்சுப்படங்களைச் சேகரிப்பவர்களுக்கு

1613ஆம் ஆண்டு, நூரம்பெர்க் நகரத்து மருந்துக்கடைக்காரர் பாசிலியுஸ் பெஸ்லர் ஒரு மாபெரும் புத்தகத்தை வெளியிட்டார். ஐஷ்டெட் நகரை ஆண்ட ஆயர் யோஹான் கொன்ராட் ஃபான் கெம்மிங்கன் வளர்த்த தோட்டத்தின் செடிகள் அதில் 367 செப்புத்தகட்டுப் படங்களாக இருந்தன. ‘ஹோர்டுஸ் ஐஸ்டெட்டென்சிஸ்’ என்று பெயர். வண்ணமிடாத பிரதியின் விலை 35 பிளோரின் (அக்கால நாணயம்). கையால் வண்ணமிட்ட பிரதியின் விலை 500 பிளோரின். தகடு ஒன்றுதான், கோடுகளும் ஒன்றுதான். விலையை 14 மடங்கு ஏற்றியது பெரும்பாலும் தூரிகை வேலை. புத்தகம் விற்ற காசில் பெஸ்லர் நூரம்பெர்கில் 2,500 பிளோரினுக்கு வீடு வாங்கினார். ஐந்து வண்ணப் பிரதிகளின் விலை ஒரு வீடு.

இந்த விலை வித்தியாசம் இன்றும் இருக்கிறது. அதனால்தான் வெறும் கறுப்பு அச்சாகக் கிடந்த தாள்களுக்கு 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் வண்ணம் தீட்டி விற்றார்கள், இன்றும் தீட்டுகிறார்கள். அச்சு உண்மையானது, தாள் உண்மையானது, வண்ணம் மட்டும் நேற்றையது. விற்பனைப் பட்டியலில் ‘கைவண்ணம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பொய்யாகாது; எப்போது தீட்டியது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘சமகால வண்ணம்’ என்றால் அச்சான காலத்திலேயே, அல்லது சில ஆண்டுகளுக்குள், தீட்டியது. ‘பிற்கால வண்ணம்’ என்றாலும் தெளிவு. நடுவில் ‘பழைய வண்ணம்’ என்றொரு சொல் உலவுகிறது. அதில்தான் பணம் போகிறது. அந்தச் சொல்லைக் கண்டால் ‘எந்த நூற்றாண்டு, எதை வைத்துச் சொல்கிறீர்கள்’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் முன்னால், தாளைத் திருப்பிப் பாருங்கள். பழைய வண்ணத்தின் சாட்சி பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது.

மரமா, செம்பா

சந்தையில் எல்லாவற்றையும் ‘எங்கிரேவிங்’, அதாவது உலோகத் தகட்டில் வெட்டிய படம், என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் இயற்கை நூல்களில் பெரும்பாலானவை மரச்செதுக்குப் படங்கள் கொண்டவை. ஸ்ட்ராஸ்பூர்கில் 1530 முதல் வெளிவந்த ஓட்டோ புருன்ஃபெல்ஸின் மூலிகை நூல், பாசலில் 1542இல் வந்த லியோன்ஹார்ட் ஃபுக்ஸின் தாவர நூல், சூரிச்சில் 1551 முதல் 1558 வரை வந்த கொன்ராட் கெஸ்னரின் விலங்கு நூல்கள், பியேர் பெலோனின் 1555ஆம் ஆண்டுப் பறவை நூல் எல்லாமே மரம்தான். செம்புத்தகட்டுக்கு, ரோமில் 1554 தொடங்கி வெளியான சால்வியானியின் மீன் நூல், ஆண்ட்வெர்ப்பில் அட்ரியான் கொல்லார்ட் 1580 வாக்கில் வெட்டிய பறவைத் தகடுகள், 1592இல் பிராங்க்பர்ட்டில் வந்த ஹூஃப்நாகலின் பூச்சி, பூத் தகடுகள், கடைசியாகப் பெஸ்லர் என்று எடுத்துக்காட்டலாம்.

வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கைக்கண்ணாடி) ஒன்று போதும். மரச்செதுக்கில் மை மேட்டில் இருக்கிறது. அழுத்தும்போது கோட்டின் ஓரத்துக்குப் பிதுங்கி, விளிம்பில் சற்று கருத்து நிற்கும். கோடு தாளுக்குள் அமுங்கியிருக்கும். பின்பக்கத்தில் விரல் வைத்தால் மேடு தட்டுப்படும். செம்புத்தகட்டில் மை பள்ளத்தில் இருக்கிறது. தாள்தான் பள்ளத்துக்குள் போய் மையை எடுத்து வருகிறது. அதனால் கோடு தாளின்மேல் எழும்பி நிற்கும். ஊசிமுனையாகத் தொடங்கி, தடித்து, மறுபடி மெலியும். படத்தைச் சுற்றித் தகட்டின் ஓரம் அழுந்திய செவ்வகத் தடமும் இருக்கும். அந்தத் தடத்துக்கு உள்ளே தாளை வெட்டியிருந்தால் மதிப்பு இறங்கிவிடும்.

மரக்கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்தே அச்சிடலாம். ஆகவே ஃபுக்ஸ், கெஸ்னர் தாள்களின் பின்பக்கத்தில் எழுத்தோ வேறு படமோ இருப்பதுதான் இயல்பு. கெஸ்னரின் விலங்குப் படம் ஒன்று பின்பக்கம் வெறுமையாக வந்தால், அது பிற்கால நகலா என்று முதலில் கேளுங்கள்.

மர அச்சுக்கும் வண்ணத்துக்கும் இருந்த உறவு ஃபுக்ஸில் நன்றாகத் தெரிகிறது. படங்களில் நிழல் போட வேண்டாம், ஓவியரின் திறமையைக் காட்ட இது இடமில்லை, செடியின் வடிவம் மறையக்கூடாது என்று அவர் முன்னுரையில் சொல்கிறார். வரைந்த ஆல்பிரெக்ட் மேயர், கட்டைக்கு மாற்றிய ஹைன்ரிக் ஃபுல்மாவ்ரர், செதுக்கிய ஸ்பெக்லே மூவரின் உருவங்களும் நூலின் இறுதியில் இருக்கின்றன. கோடுகள் மெலிதாக, உள்ளே வெள்ளையாக விடப்பட்டவை. வண்ணத்துக்கு இடம் விட்டு வெட்டியவை என்றே சொல்லலாம். லாமியம் என்ற செடி, பார்க்கக் காஞ்சொறி போலிருக்கும், தொட்டால் அரிக்காது. அந்தப் படத்தில் ஒரே வேரிலிருந்து எழும் தண்டுகளில் வெள்ளை, மஞ்சள், ஊதா என மூன்று வகைப் பூக்களையும் காட்டியிருக்கிறார்கள். வண்ணமிடாத பிரதியில் இந்தச் செய்தியே காணாமல் போகிறது. புத்தகத்தின் அறிவில் ஒரு பங்கு வண்ணத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

நம் பக்கத்து வாசகருக்கு இன்னொரு தாளும் முக்கியம். ஐரோப்பிய அச்சில் மிளகாய்ச் செடியின் மிகப் பழைய படங்கள் ஃபுக்ஸின் நூலில்தான் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடியை அவர் ‘கள்ளிக்கோட்டை மிளகு’ என்று அழைத்தார்.

பச்சை சொல்லும் சேதி

அக்கால ஐரோப்பாவில் வண்ணமிடுவது தனித்தொழில். நூரம்பெர்கில் கெயோர்க் மாக், ஆண்ட்வெர்ப்பில் பிளாண்டின் அச்சகத்துக்கு வேலை செய்த மின்கென் லீஃப்ரிங்க் என்ற பெண் போன்ற சிலரின் பெயர்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பதிப்பாளர் ஒரு மாதிரிப் பிரதியைக் கொடுப்பார். பட்டறையில் அதைப் பார்த்து மற்றப் பிரதிகளுக்குத் தீட்டுவார்கள். கெஸ்னரின் பதிப்பாளர் ஃப்ரோஷாவர் இப்படி வண்ணமிட்ட பிரதிகளையும் விற்றார். ஆகவே சமகால வண்ணமிட்ட இரண்டு பிரதிகளை ஒப்பிட்டால் வண்ணத் தேர்வு நெருங்கிவர வாய்ப்புண்டு. வாங்கியவரே வேறு ஆளை வைத்துத் தீட்டியதும் உண்டு. வண்ணம் மாறியிருப்பதை மட்டும் வைத்துத் தள்ளிவிடக்கூடாது.

இனிப் பச்சைக்கு வருவோம். செம்புத் தகட்டைக் காடியின் ஆவியில் வைத்து, மேலே படியும் நீலப்பச்சைப் பொடியைச் சுரண்டி, பிசின் நீரில் குழைப்பார்கள். ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் ஏறுமே களிம்பு, அதன் உறவுக்காரப் பொருள்தான் இது. செம்பு, தாளின் நாரை மெல்ல அரிக்கிறது. நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு போக, முன்பக்கம் பச்சை இருந்த இடமெல்லாம் பின்பக்கத்தில் பழுப்பு நிழலாகத் தெரியும். இலையின் வடிவமே அப்படியே தெரியும். இன்னும் முற்றினால் தாள் அந்த இடத்தில் அப்பளம்போல் நொறுங்கும்.

பார்க்க வேண்டியது மூன்று. பழுப்பு, பச்சை தடித்த இடத்தில் தடித்தும் மெலிந்த இடத்தில் மெலிந்தும் இருக்கிறதா? வண்ணம் எல்லையைத் தாண்டி வழிந்த இடத்தில் பழுப்பும் தாண்டியிருக்கிறதா? வண்ணத்தின் ஓரத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ மங்கலான வளையம் பரவியிருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தால், அந்தப் பச்சைக்கு நல்ல வயது இருக்கிறது. பின்பக்கத்தில் தேயிலை நீரால் நிழல் தீட்டிய மோசடித் தாளில் பழுப்பு எங்கும் ஒரே அடர்த்தியாக இருக்கும். லூப் வைத்தால் தூரிகையின் ஓரக் கோடு தெரியும்.

பழுப்பு இல்லாவிட்டால் புதிது என்று முடிவுகட்டுவது தவறு. பக்தார்ன் என்ற புதரின் காய்ச்சாற்றில் எடுத்த பச்சையும், அவுரி நீலத்தோடு செடி மஞ்சளைக் கலந்த பச்சையும் அதே பட்டறைகளில் இருந்தன. அவை தாளை எரிப்பதில்லை. மஞ்சள் மட்டும் வெளிச்சத்தில் வெளிறி, இலைகள் நீலமாக நிற்கும். நீல இலைகளைக் கண்டால் வண்ணக்காரரின் பிழை என்று நினைக்காதீர்கள்.

அடுத்த சாட்சி எதிர்ப்பக்கம். புத்தகம் மூடியிருந்த நூற்றாண்டுகளில் களிம்புப் பச்சை எதிரே உள்ள தாளையும் தொட்டிருக்கும். ஆகவே நீங்கள் வாங்கும் ஒற்றைத் தாளின் பின்பக்கத்தில், அந்தத் தாளுக்குச் சம்பந்தமில்லாத வேறு ஒரு செடியின் மங்கலான கண்ணாடி நிழல் இருக்கலாம். பெரிய நூலகங்கள் பல இந்த நூல்களை முழுமையாக இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. அதே பதிப்பைத் திறந்து, உங்கள் தாளுக்கு எதிரே எந்தப் படம் வருகிறது என்று பாருங்கள். அந்தப் படத்தின் இலைகளும் உங்கள் தாளின் நிழலும் பொருந்தினால், புத்தகம் தைத்த நிலையில் இருந்தபோதே வண்ணம் இருந்தது என்பது உறுதி. பிரித்தெடுத்த பிறகு தீட்டிய தாளில் இந்தத் தடத்தைக் கொண்டுவருவது மிகக் கடினம். இந்தச் சோதனையைத்தான் அதிகம் நம்பலாம்.

மூன்றாவது, எது மேலே எது கீழே என்ற கணக்கு. பழைய தாளில் நீர்க்கறை, பழுப்புப் புள்ளி, கிழிசல், பூச்சித் துளை ஏதேனும் ஒன்று இருக்கும். வண்ணம் கறையின் அலைக்கோட்டில் கலைந்து நகர்ந்திருந்தால் வண்ணம் முந்தியது. கறையின்மேல் கலையாமல் படிந்திருந்தால் பிந்தியது. கிழிசலின் ஓரத்தில் நாருக்குள் வண்ணம் ஊறியிருந்தாலும், பூச்சித் துளையின் உள்விளிம்பில் வண்ணம் இருந்தாலும், தாள் கெட்ட பிறகு தூரிகை பட்டிருக்கிறது.

நான்காவது பசை. அக்காலத் தாளைத் தோல், எலும்பு காய்ச்சிய வச்சிரப் பசையில் முக்கி எடுப்பார்கள். அந்தப் பசை இருக்கும்வரை வண்ணம் மேலே நிற்கும். தாளைப் பின்னாளில் யாராவது கழுவி வெளுத்திருந்தால் பசை போய்விடும். அதில் தீட்டிய வண்ணம் மையொற்றுத் தாளில் ஊறுவதுபோல் நாரோடு கசிந்து, பின்பக்கம் புள்ளி புள்ளியாக, பழுப்பாக இல்லாமல் அசல் நிறத்திலேயே, தெரியும். நல்ல தாள் ஒரு மூலையைத் தூக்கி விட்டால் படபடக்கும். கழுவிய தாள் துணிபோல் துவளும். எழுத்துகளின் அழுத்தமும் தட்டையாகியிருக்கும்.

முன்பக்கத்து வண்ணங்கள்

சிவப்புக்குச் சாதிலிங்கம், ஈயச்செந்தூரம், அரக்கு, சப்பங்கி மரச்சாறு. நீலத்துக்கு அசுரைட் என்ற செம்புக் கல்லும் அவுரியும். மஞ்சளுக்கு ஈயம்-வெள்ளீய மஞ்சளும் செடிச் சாறுகளும் குங்குமப்பூவும். வெள்ளைக்கு ஈய வெள்ளை. கட்டுவதற்கு அரபுப் பிசின். ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்துப்போகும், ஈயச்செந்தூரமும் கறுக்கும். வெள்ளை லில்லிப் பூவின் இதழோரங்கள் கரிபிடித்ததுபோல் இருந்தால் வண்ணக்காரர் ஈய வெள்ளையை அங்கே தீட்டியிருக்கலாம்.

இனி, இருக்கக்கூடாதவை. பிரஷ்யன் நீலம் 1700களின் தொடக்கத்தில்தான் பெர்லினில் பிறந்தது. ஷீலே பச்சை 1775இல், செயற்கை அல்ட்ராமரின் 1820களின் இறுதியில் வந்தன. துத்தநாக வெள்ளை நீர்வண்ணமாக 1834இல் விற்பனைக்கு வந்தது. குரோம் மஞ்சள் 19ஆம் நூற்றாண்டினது, டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டினது. 1550இன் தாளில் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளும் ஆழ்ந்த பச்சைநீலமும் சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் இந்த வேலைக்குப் போதும். இருட்டறையில் ஓர் அடி தூரத்தில் பிடியுங்கள், சில விநாடிகள் மட்டும். செம்புப் பச்சை கறுத்துத் தெரியும். துத்தநாக வெள்ளை மஞ்சள்பச்சையாக ஒளிரும். தாளே நீலவெள்ளையாகப் பளபளத்தால் அது 1950க்குப் பிந்தைய வெளுப்பான் சேர்த்த தாள்; பழைய அச்சே கிடையாது. டார்ச்சை வைத்து ‘இது அசல்’ என்று சொல்ல முடியாது, ‘இது அசல் இல்லை’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். விலை பெரிதானால் எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை செய்யும் ஆய்வகத்தை நாடலாம். அது செம்பு, ஈயம், பாதரசம், துத்தநாகம் இருப்பதைக் காட்டும். அவுரி, அரக்கு போன்ற சாறுகளைக் காட்டாது.

நூலின் நகல்களை ஒதுக்குவது எளிது. லூப்பில் வண்ணம் சிறு புள்ளிகளின் பூவடுக்காகத் தெரிந்தால் அது ஆஃப்செட் என்ற இக்கால இயந்திர அச்சு. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கையால் செய்த தாளில் நெருக்கமான கம்பி வரிகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும், ஏறத்தாழ 2.5 முதல் 3 செ.மீ. இடைவெளிச் சங்கிலிக் கோடுகளும் தெரியும். கோடே இல்லாத வழவழப்புத் தாள் 1750களுக்கு முன் ஐரோப்பாவில் கிடையாது.

எந்தப் பதிப்பு

கட்டையும் தகடும் பலமுறை உழைத்தவை. பெஸ்லரின் தகடுகள் 1613க்குப் பிறகு 1640, 1713 ஆண்டுகளிலும் அச்சேறின. 1713ஆம் ஆண்டுத் தாளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் தாள் பட்டறையின் அடையாளமான நீர்க்குறியைப் பார்க்காமல் பதிப்பைச் சொல்பவரை நம்பாதீர்கள். தகடுகளை மியூனிக் நாணயசாலையில் உருக்கிவிட்டார்கள் என்று நெடுநாள் நம்பினார்கள். பிறகு 329 தகடுகள் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் கிடைத்தன. கெஸ்னரின் படங்கள் ஜெர்மன் பதிப்புகளிலும், பின்னர் பிராங்க்பர்ட் பதிப்புகளிலும் திரும்பத் திரும்ப வந்தன. தாளில் உள்ள எழுத்து லத்தீனா ஜெர்மனா, வரிகள் எங்கே முறிகின்றன என்பதை இணையப் பிரதியோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

கட்டை முதுமையடைவதை ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் காண்டாமிருகப் படத்தில் அழகாகப் பார்க்கலாம். குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த அந்த விலங்கு 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. ட்யூரர் அதைக் கண்ணால் பார்க்காமலே அதே ஆண்டு மரத்தில் வரைந்தார்; அதன் நிறம் புள்ளியிட்ட ஆமையின் நிறம் என்று மேலே அச்சிட்டார். அந்தப் படத்தைப் பார்த்தே கெஸ்னரும் தன் நூலில் சேர்த்தார். ட்யூரரின் கட்டை அவர் இறந்த பின்னும் அச்சேறியது. பிந்தைய பதிவுகளில் விலங்கின் கால்களை ஊடறுத்து ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கட்டை பிளந்த இடம் அது. முந்தைய பதிவு என்று விற்கும் தாளில் அந்தக் கோடு இருந்தாலோ, தூரிகையால் மறைத்திருந்தாலோ கேள்வி கேளுங்கள்.

இதுவரை பார்த்த மறுமலர்ச்சிக் கால நூல்களுக்குப் பிந்தியதானாலும், நம்மூர்ச் சுவர்களில் அதிகம் தொங்குவதால் ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ பற்றி ஒரு வரி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பகுதிகளாக வந்த இந்தக் கேரளத் தாவர நூலின் தகடுகள் பெரும்பாலும் வண்ணமிடாமலே விற்றவை. வண்ணத்தோடு கிடைக்கும் ஒற்றைத் தாளைப் பிற்கால வண்ணம் என்றே எடுத்துக்கொண்டு, விற்பவர் மறுத்து நிரூபிக்கட்டும் என்று விடுங்கள். கறுப்புவெள்ளையில் வாங்குவதே நல்லது. மலையாள எழுத்தில் செடியின் பெயர் பொறித்த அந்தக் கோடுகளுக்கு வண்ணம் வேண்டியதில்லை.

வாங்குவதும் வைப்பதும்

ஒற்றைத் தாள் என்றாலே எங்கோ ஒரு புத்தகம் உடைந்திருக்கிறது. நெடுங்காலத்துக்கு முன் உடைந்தவற்றை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் முழுதாக இருக்கும் வண்ணப் பிரதியைப் பிரித்துத் தாள் தாளாக விற்பது கண்முன் நடக்கும் அழிவு. மேலே சொன்ன எதிர்ப்பக்கச் சாட்சி முதல், வண்ணக்காரர் பக்கம் பக்கமாக எடுத்த முடிவுகள் வரை எல்லாம் அதோடு சிதறிப்போகின்றன. ஒரே விற்பனையாளரிடம் ஒரே நூலின் தாள்கள் வரிசை எண் தவறாமல், புதிதாக வெட்டிய உள்விளிம்போடு வந்தால் வாங்காதீர்கள். தேவை இருப்பதால்தான் பிரிக்கிறார்கள். பக்கத்தில் நூலக முத்திரை இருந்தாலோ சுரண்டிய தடம் இருந்தாலோ, அந்த நூலகம் முறையாகக் கழித்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கும்போது நான்கு படங்கள் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், பின்னாலிருந்து வெளிச்சம் விட்டது, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது. சட்டகத்துக்குள் இருக்கும் தாளை வெளியே எடுத்துக் காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தம் செய்யும் ஆசை வரும். வண்ணமிட்ட தாளில் தண்ணீர் படக்கூடாது. சப்பங்கிச் சிவப்பும் செடி மஞ்சளும் ஒரு துளியில் கரையும். களிம்பின் செம்பு ஈரத்தோடு நகர்ந்து புதிய இடத்தை எரிக்கத் தொடங்கும். வெளுப்பான் அதைவிட மோசம். கறுத்த ஈய வெள்ளையைத் திருப்பும் சிகிச்சை உண்டு, ஆனால் அது தாள் பாதுகாப்பு வல்லுநரின் கைக்கு மட்டும்.

ஒளி 50 லக்ஸுக்குள் இருக்க வேண்டும். ஆண்டில் மூன்று மாதம் சுவரில், மீதி நாள் பெட்டியில். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது எளிதாகத் தாண்டும், சிறு செலவைப் பார்க்காமல் ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம். பருத்தியால் செய்த, அமிலமும் காரமும் சேராத அட்டை, ஜப்பானியத் தாள் கீல், கோதுமை மாவுப் பசை: பொருத்துவதற்கு இவ்வளவே போதும். செல்லோடேப், இரட்டைப் பக்க டேப், ஃபெவிகால் எதுவும் தாளைத் தொடக்கூடாது. கண்ணாடி தாளில் படாமல் அட்டையின் கனம் இடைவெளி தர வேண்டும். உதிரும் வண்ணம் உள்ள தாளைப் பாலியெஸ்டர் உறையில் போடாதீர்கள்; நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும்.

வாங்கிய நாளிலேயே பின்பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். ஆண்டுக்கொருமுறை அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, பச்சையின் பழுப்பு பரவியிருக்கிறதா, முடியளவு விரிசல் விட்டிருக்கிறதா என்று லூப்பில் பாருங்கள். விரிசல் தெரிந்தால் தாளைத் தூக்காமல், இருக்கும் அட்டையோடு தட்டையாகவே பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். செங்குத்தாகத் தூக்கிய கணத்தில் இலை ஒன்று முழுதாக உதிர்ந்துவிடும்.